மூட்டை தூக்கி முதுகு பிடித்தால்: தென்னாப்பிரிக்காவில் உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பன் மொத்தச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் 10 கிலோ பைகளில் வரும். அதை இங்கே 'பாக்கெட்' என்பார்கள். ஒரு திங்கட்கிழமை விடிகாலை, கிளேர்வுட்டில் ஏற்றி வந்த பக்கியின் பின்மூலையில் கடைசியாக ஒரு பாக்கெட் கிடந்தது. (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. நம் ஊர் அர்த்தத்தில் யாரையும் திட்டவில்லை.) வண்டியில் ஏறி எடுக்கச் சோம்பல். கீழே நின்றபடியே பக்கத் தகட்டின் மேல் வயிற்றைச் சாய்த்து, கையை எட்டி நீட்டி, இழுத்த வேகத்திலேயே திரும்பினேன். குறுக்கில் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு உணர்வு. வண்டியைப் பிடித்துக்கொண்டு வளைந்தபடியே நின்றேன், நிமிர முடியவில்லை. அதற்கு முன் அன்று காலையில் மட்டும் நானூறு பாக்கெட் தூக்கியிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் நான் செய்தது எல்லாமே தப்பு. மேஸ்திரியிடம் சொல்லவில்லை. வீட்டில் ஐந்து நாள் படுத்தே கிடந்தேன். ஆறாம் நாள் டாக்டர் கேட்டபோது, "ரொம்ப நாளாவே லேசா வலி இருக்குங்க" என்று பணிவாகச் சொல்லிவைத்தேன். படுக்கை முதுகைக் கெடுத்தது, மற்ற இரண்டும் சம்பளத்தைக் கெடுத்தன. பிற்பாடு வேறொரு குடோனில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியாகப் பல வருடம் இருந்தேன். டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் இதே கதையை அச்சு மாறாமல் சொல்லக் கேட்டிருக்கிறேன். குடோன், சந்தை, கட்டட வேலை, மருத்துவமனை வார்டு, வீட்டு வேலை என்று கையால் தூக்கிப் பிழைக்கிற யாருக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "முட்டியை மடக்கு, முதுகை நேராக வை" என்று சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள். படத்தில் தப்பில்லை. ஆனால் தூக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்து முதுகுவலியைக் குறைக்க முடிந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. வேலையை மாற்றாமல் ஆளை மட்டும் திருத்தப் பார்த்தால், 300-ஆவது மூட்டையில் ஆள் களைத்துப்போவார், படமும் மறந்துபோகும்.

பத்துக் கிலோ எப்படி முதுகை முறிக்கிறது

முதுகெலும்பைத் தாங்கும் தசைகள் எலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் ஓடுகின்றன. சுமையோ 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஏற்றம் இறைத்த தாத்தாக்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். நீளக் கோலின் முனையில் ஒரு கிலோ தொங்கினால், குட்டை முனையைப் பத்துக் கிலோ கொடுத்து அழுத்தவேண்டும். கை நீட்டி 20 கிலோ தூக்கினால், முதுகுத் தசை அதற்கு மட்டுமே சுமார் 200 கிலோ அளவுக்கு இழுக்கிறது. அதோடு இடுப்புக்கு மேலே நம் உடம்பே இருக்கிறது. குனிந்தால் அந்தச் சுமையும் சேரும். இழுவை முழுவதும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வின் மேல்தான் அமுக்கமாக இறங்குகிறது.

அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாமே வசதியாக இருந்தால், அதாவது சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், நேர் எதிரில், நல்ல பிடியோடு இருந்தால், 23 கிலோ வரை பரவாயில்லை. சுமை உடலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும்வரைதான் இந்த 23. தூரம் 50 செ.மீ. ஆனால் பாதி, அதாவது 11.5 கிலோ. அதிலேயே 90 பாகை திரும்பினால் இன்னும் குறைந்து 8 கிலோ சொச்சம். என் வெங்காயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 செ.மீ. தூரம், கால் வட்டம் திரும்பல், எனவே 7 கிலோகூட வரவில்லை. நான் இழுத்தது 10. முந்தைய நானூறு பாக்கெட்டின் களைப்பை இதில் சேர்க்கவே இல்லை.

முதல் படி: எடை போடுங்கள், தூரம் அளங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள்

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் "இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது" என்று பொதுவாக ஒரு எண் கிடையாது. பலர் 25 கிலோதான் சட்டம் என்று அடித்துச் சொல்வார்கள். அது பிரிட்டிஷ் வழிகாட்டியிலிருந்து வந்த எண். சுமை உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆணுக்கு 25, பெண்ணுக்கு 16 என்கிறது அது. அதே சுமை தரைமட்டத்தில் கிடந்தால் 10, 7. தலை உயரத்தில் கையை நீட்டி எடுப்பதென்றால் 5, 3 தான். நம் ஊர்க் கடைகளில் கனமான நெய் டின்னும் எண்ணெய் டின்னும் எங்கே இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒன்று தரையில், இல்லாவிட்டால் பரண்மேல்.

இங்கே சட்டம் வேறு வழியில் வருகிறது. 2019 டிசம்பரில் எர்கோனாமிக்ஸ் ஒழுங்குவிதிகள் அரசிதழில் வெளியாகின. ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதலாளி, தகுதியுள்ள ஒருவரை வைத்து ஆபத்து மதிப்பீடு செய்யவேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்க்கவேண்டும், தொழிலாளிக்குப் பயிற்சி தரவேண்டும். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் 1993-ஆம் ஆண்டுத் தொழில் நல, பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புப் பிரதிநிதி இருக்கவேண்டும். அவரைக் கூப்பிட்டு, "நம்ம வேலைக்கு எர்கோனாமிக்ஸ் மதிப்பீடு இருக்கா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்த மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பீடு இல்லையென்றால் நீங்களே ஒரு நாள் நோட்டுப் புத்தகம் வையுங்கள். எடை என்ன, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, எத்தனை தடவை, எவ்வளவு தூரம் நடை. 10 டன் லாரி உருளைக்கிழங்கு என்றால் ஆயிரம் பாக்கெட். இரண்டு பேர் இறக்கினால் ஆளுக்கு 5 டன். அடுக்கிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து அடுக்குக்கு என்று இரண்டு முறை தொட்டால் ஆளுக்கு 10 டன். நான் இந்தக் கணக்கைக் காட்டிய அன்று, அதுவரை "பத்துக் கிலோதானே" என்று சொல்லிக்கொண்டிருந்த மேலாளர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் படி: தூக்குவதையே குறையுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். பாக்கியை அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த கர்ப்பிணிகளின் நினைவாக வைப்பார்கள். அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், உதவிக்கு ஆள் கூப்பிடாமல், அப்படியே நகர்த்தி வைக்கலாம். திரும்ப எடுக்கும்போதும் தரையிலிருந்து தூக்கவேண்டியதில்லை. எர்கோனாமிக்ஸ் என்ற சொல் வருவதற்கு முன்பே நம்மவர்கள் கண்டுபிடித்த பாடம் அது. சுமையைத் தரைக்கு விடாதே.

குடோனில் அதைச் செய்ய ஒரு காசு செலவில்லாத வழி உண்டு. காலி பாலட்டுகளை (சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள்) மூன்று நான்காக அடுக்கி, அதன்மேல் சரக்குப் பாலட்டை ஃபோர்க்லிஃப்டால் வையுங்கள். அடிவரிசை மூட்டை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். மேல்வரிசை தோளுக்கு மேலே போகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலட்டைச் சுற்றி நாலு பக்கமும் நடக்க இடம் விட்டால், குறுக்கே எட்டி எடுக்கவேண்டிய அவசியம் பாதி போய்விடும். அலமாரியில் கனமானது முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில், இலேசானது மேலும் கீழும். என் பழைய குடோனில் பாஸ்மதி மூட்டைகள் எல்லாம் கீழ்த்தட்டிலும், அப்பளப் பெட்டிகள் இடுப்பு உயரத்திலும் இருந்தன. ஏன் என்று கேட்டால், "எப்பவும் அப்படித்தான்". ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டையும் இடம் மாற்றினோம், அவ்வளவுதான் வேலை.

அடுத்தது பொட்டலத்தின் அளவு. இங்கே சிமெண்ட் 50 கிலோ மூட்டையில் வருகிறது. அது ஒரு ஆள் தூக்கும் பொருளே அல்ல, யாரும் வீரம் காட்டவேண்டாம். இரண்டு பேர், அல்லது சாக்குவண்டி. மளிகை வாங்குகிறவர் நீங்கள் என்றால், 25 கிலோவுக்குப் பதில் 10 கிலோ கேட்டுப் பாருங்கள், பல சரக்குக்குக் கிடைக்கும். சிறியதாக்கினால் எண்ணிக்கை கூடும் என்பதும் உண்மை. அதனால் பொட்டலத்தைக் குறைத்து நடையைக் கூட்டிவிடாதீர்கள், ட்ராலியைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ட்ராலி என்றதும் ஒன்று. இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது. தள்ளும்போது உடல் எடையே உதவுகிறது, முகமும் போகும் திசையைப் பார்த்திருக்கும். சக்கரம் சிக்குகிற ட்ராலியைப் பாதுகாப்பு உபகரணம் என்று நினைக்காதீர்கள். நான் விசாரித்த இடுப்புப் பிடிப்புகளில் சில மூட்டை தூக்கி வந்தவை அல்ல. துருப்பிடித்த பாலட் ஜாக்கை முதல் இழுப்பில் வெடுக்கென்று இழுத்ததில் வந்தவை.

முதுகுப் பட்டை பற்றிக் கேட்பீர்கள். கடையில் பட்டை கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பாதுகாப்பு மாதிரித்தான் தெரியும். நல்ல முதுகுக்கு அது காயத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை, நியோஷும் அதைப் பரிந்துரைக்கவில்லை. பட்டை கட்டிய தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவதுதான் கண்ட பலன்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் உடல்நலத்துக்கு ஆபத்தான வேலையைத் தரவே கூடாது என்று 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. "லேசான வேலை கொடுங்க" என்று கெஞ்சவேண்டிய விஷயம் இல்லை இது.

மூன்றாம் படி: தூக்கியே தீரவேண்டும் என்றால்

பாதையை முதலில் பாருங்கள். ஈரத்தரை, தேங்காய் நார், பிளாஸ்டிக் நாடா, படிக்கட்டு. இறக்கி வைக்கப்போகும் இடம் காலியா என்றும் பாருங்கள். கையில் மூட்டையோடு இடம் தேடுவதைப் போல முதுகுக்குக் கெடுதல் வேறில்லை.

மூட்டையின் ஒரு மூலையைத் தூக்கி எடையைச் சோதியுங்கள். ஒரு கால் சற்று முன்னால், இரண்டு பாதத்துக்கும் நடுவில் மூட்டை. முழங்காலையும் இடுப்பையும் சேர்த்து மடக்குங்கள். முழுசாகக் குந்தவேண்டியதில்லை. கூன் விழாமல் இருந்தால் போதும். சுமையைத் தொப்பையோடு ஒட்டவைத்துக்கொண்டு எழுந்திருங்கள். சட்டை அழுக்காகும், ஆகட்டும். திரும்பவேண்டுமானால் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். இந்த விதிகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் கடைசியதை வையுங்கள்.

இரண்டு பேர் தூக்கும்போது பேச்சு ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் குடோனில் தமிழ், ஜூலு, ஆங்கிலம் மூன்றும் கலந்து ஓடும். ஒருவர் "ம்ம்" என்பதை மற்றவர் "தூக்கு" என்று எடுத்துக்கொண்டு ஒருபக்கம் சாய்ந்த சம்பவங்கள் உண்டு. கடைசியில் ஜூலுவிலேயே வைத்துக்கொண்டோம். "பகாமிசா" என்றால் தூக்கு, "பான்சி" என்றால் இறக்கு, "யிமா" என்றால் நில். குரல் கொடுப்பவர் ஒரே ஆள், அவர் சுமையின் பின்புறம் நிற்பவர். உயரம் ஏறக்குறைய ஒத்தவர்களாக ஜோடி சேருங்கள். இல்லாவிட்டால் குள்ளமானவர் பக்கமே எடை இறங்கும்.

கோயில் சமையலிலும் இதேதான். டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கூம்பில் புனித வெள்ளியன்று மாரியம்மன் திருவிழா நடக்கும். அப்படிப்பட்ட நாட்களில் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க, காதில் மூங்கில் கொடுத்து நாலு பேர் பிடித்தால் கையும் வேகாது, முதுகும் போகாது. பக்தி வேகத்தில் இரண்டு பேர் தூக்கிவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கோயிலில் சம்பளமில்லாமல் சேவை செய்பவருக்குக் கீழே நான் சொல்லப்போகும் நட்டஈடு கிடையாது. அது ஊழியருக்கு மட்டும்தான்.

நான்காம் படி: நேரத்தைப் பாருங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு செண்டிமீட்டருக்கும் மேல் உயரமாக எழுந்திருப்பது அதனால்தான். உப்பிய ஜவ்வு குனியும்போது கூடுதலாக இழுபடும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்து தூக்குவது மற்ற நேரத்தைவிட ஆபத்து. சந்தை வேலையோ விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூன்று மணிக்கு எழுந்து, வேனில் உட்கார்ந்து வந்து, இறங்கியவுடன் மூட்டை. முடிந்தால் முதல் அரைமணி பில் பார்ப்பது, எண்ணுவது, இடுப்பு உயரத்துச் சரக்கை நகர்த்துவது என்று வைத்துக்கொண்டு, தரைச் சரக்கைப் பிறகு தொடுங்கள்.

லாரி ஓட்டுநர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து என்3 சாலையில் டர்பன் வர 560 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை நேரம் வளைந்து உட்கார்ந்த முதுகில் தசைநார்கள் தளர்ந்து கிடக்கும். குதித்து இறங்காதீர்கள், படியில் இறங்குங்கள். ஐந்து பத்து நிமிடம் நடந்து, டீ குடித்து, பிறகு தார்ப்பாயை அவிழுங்கள்.

ஐந்தாம் படி: பிடித்துவிட்டால், முதல் ஒரு மணி நேரம்

சுமையை விடுங்கள். பாக்கெட் உடைந்தால் உடையட்டும். வலி குறையும் நிலையில் நில்லுங்கள் அல்லது சாய்ந்து படுங்கள். பலருக்கு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கால்களை ஒரு பெட்டியின் மேல் வைத்தால் இதமாக இருக்கும்.

பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சிறுநீர் போகமுடியவில்லையா, அல்லது தன்னையறியாமல் போகிறதா? மலம் அடக்கமுடியவில்லையா? சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம், அதாவது தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும், மரத்திருக்கிறதா? இரண்டு காலும் பலவீனமா, பாதத்தைத் தூக்கமுடியாமல் இழுபடுகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது அவசரம், அந்த நிமிடமே மருத்துவமனை. முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். மணிக்கணக்கில் தாமதித்தால் நிரந்தர ஊனம் ஆகலாம். "பொம்பளைப் பிள்ளைங்க முன்னாடி எப்படிச் சொல்றது" என்று கூச்சப்பட்டு ஒன்றரை நாள் சிறுநீர்ப் பிரச்சினையை மறைத்த ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். கூச்சம் வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்தது, வலியோடு காய்ச்சல், எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபொரோசிஸ்) அல்லது புற்றுநோய் ஏற்கெனவே உள்ளவர், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோரும் அன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. "வாயுப் பிடிப்புதான், சுளுக்கு எடுத்தால் சரியாப்போகும்" என்று யாராவது முதுகில் ஏறி மிதிக்க வருவார். அன்போடுதான் வருவார். முதல் நாளில் அனுமதிக்காதீர்கள். மேலே தைலம் தடவுவதில் தப்பில்லை. முறுக்குவதும் வெடுக்கென்று இழுப்பதும்தான் வேண்டாம்.

ஆறாம் படி: அன்றே சொல்லுங்கள், அன்றே எழுதுங்கள்

இங்கே வேலையில் அடிபட்டால் முதலாளிமேல் வழக்குப் போடமுடியாது. அதற்குப் பதில் 1993-ஆம் ஆண்டுத் தொழில் காய, நோய் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. எல்லாரும் 'கோய்டா' என்கிறார்கள். முதலாளி கட்டும் பணத்தில் ஓடும் நட்டஈட்டு நிதியம் மருத்துவச் செலவையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் தருகிறது. யார் தவறு என்று பார்ப்பதில்லை. தினக்கூலி, தற்காலிக ஆள், ஏஜெண்டு மூலம் வந்தவர் எல்லாருக்கும் உண்டு. ஏஜெண்டு ஆளுக்கு ஏஜெண்டுதான் முதலாளி. வீட்டு வேலை செய்பவர்களை இந்தச் சட்டம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இப்போது அவர்களுக்கும் உண்டு.

முதுகுக் காயத்தில் உள்ள சிக்கல் இதுதான். கை உடைந்தால் எக்ஸ்ரே சொல்லும். முதுகு பிடித்ததற்குச் சாட்சி நீங்கள் மட்டுமே. அதனால் நாள், நேரம், இடம், எந்தச் சுமை, என்ன அசைவு, யார் பக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் அன்றைக்கே பதிவாகவேண்டும். மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்லிவிட்டு அதோடு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். "இன்று காலை 5.40-க்கு இரண்டாவது வாசலில் பக்கியிலிருந்து வெங்காய பாக்கெட் எடுக்கும்போது இடுப்பில் அடிபட்டது. கூட இருந்தவர் இன்னார்." அந்தச் செய்தியின் நேரமுத்திரை பின்னால் உங்களைக் காப்பாற்றும். விபத்துப் பதிவேட்டிலும் எழுதச்சொல்லிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் முதல் வாக்கியமே "வேலையில், இன்ன நேரம், இதைத் தூக்கும்போது" என்று இருக்கவேண்டும். பழைய வலி இருந்தால் மறைக்கவேண்டாம், அதைத் தனியாகச் சொல்லுங்கள். "முன்னே லேசா இருக்கும், வேலை செய்வேன். இன்னைக்கு இதைத் தூக்கினதும் நிமிர முடியல." நான் சொன்னது போல வெறுமனே "ரொம்ப நாளா" என்று சொன்னால் அந்தச் சொல்தான் படிவத்தில் ஏறும்.

படிவங்களின் பெயர் தெரிந்திருந்தால் அலுவலகத்தில் மதிப்பே தனி. முதலாளி நிரப்புவது டபிள்யூ.சி.எல். 2. தகவல் தெரிந்த 7 நாளுக்குள் அனுப்பவேண்டும். டாக்டரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 4, பிறகு வரும் அறிக்கைகள் 5, வேலைக்குத் திரும்பியதும் முதலாளி தருவது 6. முதலாளி இழுத்தடித்தால் தொழிலாளி தானே போடுவது டபிள்யூ.சி.எல். 3. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த கெடு 12 மாதம். பிறகு திருத்தம் வந்தது என்று யாராவது சொன்னால் அதை நம்பித் தள்ளிப்போடாமல், ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். எல்லாத் தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இது பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

பணம் எப்படி வரும்? மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை இழந்தால் சம்பள நட்டஈடு கிடையாது, நோய் விடுப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால், முதல் மூன்று மாதம் முதலாளியே சம்பளத்தில் 75 சதவீதம் தரவேண்டும். பிறகு அவர் நிதியத்திடம் வாங்கிக்கொள்வார். உயர்ந்த சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. நட்டஈடு கிடைக்கும் நாட்களை நோய் விடுப்பில் கழிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் கழித்திருந்தால் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். நிரந்தரக் குறைபாடு 30 சதவீதம் வரை என்றால் மொத்தத் தொகை, அதற்கு மேல் மாதாந்திர ஓய்வூதியம். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் ஆட்சேபணைக்கு 180 நாள்.

ஏழாம் படி: முதல் ஆறு வாரம்

சாதாரண இடுப்புப் பிடிப்பு, ஜவ்வுப் பிதுக்கம் உட்பட, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். படுக்கையில் இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் தசை இளகி, பயம் கூடி, வலி நீளும். வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் நடங்கள், பிறகு தெருமுனை வரை. வெந்நீர் ஒத்தடம் நல்லது. இபுப்ரோஃபென் வகை மாத்திரை உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. நம் ஆட்களில் சர்க்கரையும் அழுத்தமும் இல்லாத வீடு அரிது.

ஸ்கேன் எடுக்காவிட்டால் டாக்டர் கவனிக்கவில்லை என்று நினைப்பது வழக்கம். அபாய அறிகுறி இல்லாதபோது முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் பெரும்பாலும் வைத்தியத்தை மாற்றாது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களின் ஸ்கேனிலும் தேய்வும் பிதுக்கமும் தெரியும். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு "என் ஜவ்வு போச்சு" என்று ஆயுள் முழுக்கப் பயந்து வாழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு வாரத்துக்குப் பிறகும் வலி காலுக்குள் இறங்கி நின்றால், அல்லது கால் பலம் குறைந்துகொண்டே போனால், அப்போது ஸ்கேன் கேளுங்கள்.

எட்டாம் படி: திரும்பிப் போகும்போது

வலி முழுசாகப் போகும்வரை காத்திருக்கவேண்டாம். ஆனால் முதல் நாளே பழைய பாரத்தில் நிற்கவும் வேண்டாம். டாக்டரிடம் வெறும் "இலேசான வேலை" என்று எழுதி வாங்காதீர்கள். அந்த வார்த்தைக்கு ஒவ்வொரு மேலாளருக்கும் ஒவ்வொரு பொருள். "இரண்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம், தரையிலிருந்து தூக்கக் கூடாது, அரைமணிக்கு மேல் தொடர்ந்து குனியக் கூடாது, அடுத்த இரண்டு வாரம் 10 கிலோ" என்று எண்ணோடு எழுதித் தரச்சொல்லுங்கள். காலையில் முதல் வேலை கனமாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்க்கச்சொல்லுங்கள்.

"இனிமேல் தூக்கமுடியாதவன் எனக்கு எதற்கு" என்று வேலையை விட்டு நிறுத்தினால், உடல் இயலாமை காரணமாக நிறுத்துவதற்கு முன் வேலையை மாற்றியமைக்க முடியுமா, வேறு வேலை உண்டா என்று முதலாளி பார்த்திருக்கவேண்டும். வேலையிலேயே அடிபட்டவருக்கு இந்தக் கடமை இன்னும் கூடுதல். அவர் அதைச் செய்யவில்லையென்றால் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம், செலவில்லை. நிறுத்தியதிலிருந்து 30 நாளுக்குள் மனு போயிருக்கவேண்டும். கோபத்தில் ஊருக்குக் கிளம்பிப்போய் இந்த 30 நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

திரும்பிய முதல் வாரத்தில் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு அடிபட்ட இடத்துக்குப் போய் நில்லுங்கள். அங்கே எதுவும் மாறவில்லையென்றால் அடுத்த ஆள் அதே இடத்தில் விழுவார். எங்கள் குடோனில் பக்கியின் தரையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தகட்டை விரித்து, முனையில் கயிறு கட்டினோம். மூலைப் பாக்கெட்டைத் தகட்டோடு இழுத்தால் அதுவே வால்கதவுக்கு வந்து நிற்கும். கயிறு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும், அப்போது புதிது கட்டுவோம்.